நம்ம ஊரு ஈரத்துக்கு எந்தப் பீடிங் தாங்கும்? தண்ணி வர்ற வழிய பாத்துட்டு தடி வாங்குங்க

வீடு கட்டுறவங்க கடைசி கட்டத்துல, பெயிண்டுக்கு கொஞ்சம் முந்தி, கையில உள்ள காசு ஏறக்குறைய தீந்துபோன நேரத்துல தான் ஓரத்துல ஓட்டுற பீடிங், சுவத்தடியில தரையோட சேத்து ஒட்டுற ஸ்கர்ட்டிங், கதவு நிலைய சுத்தி அடிக்கிற பட்டி, சீலிங் ஓரத்து கார்னிஸ், டிவிக்குப் பின்னாடி ஒட்டுற பேனல் எல்லாத்தையும் பத்தி யோசிக்கவே ஆரம்பிக்கோம். கடைக்குப் போனதும் எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி "அண்ணாச்சி, இது வாட்டர் ப்ரூஃபா?". அவரும் "ஆமா"ன்னு சொல்லுவாரு, ஏன்னா அங்க இருக்க எல்லாத்துலயும் அப்படித்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. பொறவு ரெண்டு மழை கழிஞ்சதும் பட்டி வீங்குது, பெயிண்ட் பொடிஞ்சு உதிருது, சுவத்துப் பக்கம் கருப்பா பூத்து நிக்குது. சாமான் மோசம்னு கடைக்காரர திட்டுறோம். சில நேரம் சாமான் மோசமா தான் இருக்கும். ஆனா பெரும்பாலும் அந்த எடத்துக்கு எந்த வழியா தண்ணி வருதுன்னு யாரும் பாக்கவே இல்ல, அது தான் விஷயம்.

கன்னியாகுமரி மாவட்டம் சின்னது தான், ஆனா ஈரம் ஒரே மாதிரி கிடையாது. ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம் காத்து சுழட்டி அடிக்கும், முப்பந்தல்ல காத்தாலை நிக்கது சும்மா இல்ல, அங்க ஆடி மாசக் காத்துல தடி, அதாவது அறுத்த மரம், காய்ஞ்சு விரிசல் விடுறது தான் பெரிய தொல்லை. அங்கேருந்து மேக்க குலசேகரம், பேச்சிப்பாறை, திற்பரப்பு பக்கம் போனா ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல வீடு, வெயில் தரையில விழுறதே அபூர்வம், ஜூன்ல தென்மேற்கு மழையும் கிடைக்கும் அக்டோபருக்குப் பொறவு வடகிழக்கு மழையும் கிடைக்கும். கடலோரம் குளச்சல், முட்டம், கன்னியாகுமரின்னு வந்தா மழையோட உப்புக்காத்தும் சேரும். தோவாளையில ஒருத்தர் வீட்டுல பதினஞ்சு வருசம் நிக்கிற அதே பட்டி, மார்த்தாண்டத்துக்கு மேக்க ஒரு ஓடைக்கரை வீட்டுல சீக்கிரமே கோணும். அதனால "எங்க மச்சான் வீட்டுல போட்டோம், கொள்ளாம்"னு யாராவது சொன்னா, மச்சான் வீடு எங்கன்னு முதல்ல கேளுங்க.

தடி எதுக்கு கோணுது, எதுக்கு விரியுதுன்னு கொஞ்சம் பாத்துக்கலாம், ஏன்னா இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். அறுத்த மரம் காத்துல உள்ள ஈரத்தோட எப்பவும் கொடுக்கல் வாங்கல்ல இருக்கும். காத்தோட ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தா தடிக்குள்ள ஈரம் 11 சதவீதம் பக்கத்துல போய் நிக்கும், அதே காத்து 85 சதவீதம் ஆச்சுன்னா தடி 17, 18 வரைக்கும் ஏறும். நீளவாக்குல மரம் ஏறக்குறைய அசையாது, அகலத்துல தான் அசையும். தேக்கு ரொம்ப அடங்கின தடி, அதுலயே ஈரம் ஒரு சதவீதம் மாறினா அகலம் 0.2 சதவீதம் பக்கத்துல மாறும், அதாவது 6 இஞ்சு அகலத்துல ஒரு தேக்குப் பலகைய ஸ்கர்ட்டிங்கா அடிச்சா கோடைக்கும் மழைக்கும் இடையில ஒரு மில்லிமீட்டருக்கு மேல வந்து போவும். கேக்க சின்னதா தெரியும், ஆனா ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு, மேல பட்டி வச்சு, இடுக்குல புட்டி அடைச்சு, அசையவே கூடாதுன்னு நிறுத்தி வச்ச பலகைக்கு அந்த ஒரு மில்லி போதும், எங்கயாவது பிளந்து தான் தீரும். ஈரம் 20 சதவீதத்த தாண்டி அப்படியே நின்னுட்டா பூஞ்சை பிடிச்சு தடி உளுக்க ஆரம்பிக்கும். அதுக்குக் கீழ இருக்க வரைக்கும் தடி அசையும், கோணும், ஆனா உளுக்காது. இந்த ரெண்டையும் வேற வேற தொல்லையா பாக்கணும், மருந்தும் வேற வேற. மரத்தோட ஈரத்துக்கு ஐஎஸ் 287ன்னு ஒரு இந்தியத் தரமே இருக்கு, அதுல நாட்ட காத்தோட ஈரப்பதத்த வச்சு நாலு மண்டலமா பிரிச்சிருக்காங்க, எந்த மண்டலத்துல எந்த வேலைக்கு எவ்வளவு காய்ஞ்ச தடி போடணும்னு கணக்கு உண்டு. ராஜஸ்தான்ல காய வச்ச அளவுக்கு இங்க காய வச்சு மாட்டினா அது இங்க வந்து வீங்கும், அதனால "நல்லா காய்ஞ்ச தடி"ங்கிறது கூட ஊருக்கு ஊரு மாறும்.

மில்லுல தடி வாங்கும்போது காய்ஞ்சிருக்கான்னு தட்டிப் பாத்து, தூக்கிப் பாத்து சொல்லுவாவ. அனுபவம் உள்ளவங்களுக்கு அது சரியாவும் வரும். நமக்கு அந்தக் கை கிடையாது, ஈரம் பாக்கிற மீட்டர் வாங்கவும் மனசு வரலன்னா ஒரு வழி இருக்கு. பலகை முனைய விட்டுட்டு நடுவுல இருந்து ஒரு துண்டு அறுக்கச் சொல்லி, சமையல்கட்டு தராசுல எடை போட்டு, ஓவன்ல 100 டிகிரி சூட்டுல எடை குறையாம நிக்கிற வரைக்கும் காய வைங்க. 100 கிராம் இருந்தது 85 கிராம் ஆச்சுன்னா, போன 15 கிராம 85ஆல வகுக்கணும், 17.6 சதவீதம் வரும். 100ஆல வகுத்து 15 சதவீதம்னு கணக்கு சொல்றவங்க உண்டு, தடி வேலையில காய்ஞ்ச எடைய தான் அடியா வைக்கது வழக்கம்.

இப்பம் தண்ணி வர்ற வழி. வீட்டுக்குள்ள பட்டிக்கும் நிலைக்கும் நாலு வழியா தண்ணி வரும், தரையில இருந்து, சுவருக்குள்ள இருந்து, காத்துல இருந்து, பொறவு நாம ஊத்துறது தெறிக்கிறது.

தரை தான் இதுல கொடியது. வில்லுக்குறி பக்கம் தெரிஞ்சவங்க வீட்டுல பாத்ரூம் நிலைய கழட்டும்போது நானும் கூட நின்னேன். மேல பாத்தா பெயிண்ட் பளபளன்னு இருக்கு, ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆசாரி உளிய தரைக்கு ரெண்டு இஞ்சு மேல வச்சு கையாலயே ஒரு அழுத்து அழுத்தினாரு, சுத்தியல் எடுக்கல, உளி அப்படியே உள்ள போச்சு. கழட்டி எடுத்து கீழ் முனைய திருப்பிக் காட்டினாரு, டைல்ஸ் ஒட்டுன சிமெண்டுக்குள்ள ஒரு இஞ்சு புதைஞ்சு இருந்த பாகம் ஈரப் புண்ணாக்கு மாதிரி கையில உதிருது, அதுக்கு மேல அரை அடி வரைக்கும் கருத்து போயிருக்கு, அதுக்கு மேல தடி நல்ல செவப்பா வைரம் பாய்ஞ்சு கெட்டியா நிக்குது. "நல்ல தடி அண்ணே, கால வெள்ளத்துல நிறுத்திட்டாவ"ன்னாரு. அவ்வளவு தான் விளக்கம்.

மரத்தோட அறுத்த முனை இருக்கே, அது வழியா தான் மரம் உயிரோட இருக்கும்போது வேருல இருந்து இலைக்குத் தண்ணி கொண்டுபோச்சு, செத்த பொறவும் அந்தக் குழாய்ங்க அப்படியே தான் இருக்கு. பலகையோட முகம் குடிக்கிறத விட முனை பல மடங்கு வேகமா குடிக்கும். நிலையோட கால் முனைய தரைக்குள்ள பதிச்சு நிறுத்திட்டு முகத்துக்கு மூணு கோட் பெயிண்ட் அடிச்சா என்ன பிரயோசனம், குடிச்ச தண்ணி வெளிய வரவும் அந்தப் பெயிண்டு விடாது. இதுக்குப் பழைய வழியே நல்ல வழி, கல்லு. நிலை கால் தரையத் தொடாம ரெண்டு மூணு இஞ்சு உயரத்துக்கு கருங்கல்லோ கிரானைட்டோ ஒரு கட்டை வச்சு அதுக்கு மேல நிலைய நிறுத்தணும், முனைக்கு எப்பாக்ஸியோ கெட்டியான பிரைமரோ குடிக்கிற அளவுக்கு குடிக்க விட்டு அடிச்சு காய வச்சு பொறவு நிறுத்தணும். பாத்ரூமுக்கு நிலையே தடியில வேணாம்ங்கிறது என் கட்சி. கிரானைட் நிலை போடுங்க, இல்லன்னா கான்கிரீட் நிலை, கதவு வேணும்னா பிவிசியோ, ஃபைபர் சேத்த பிளாஸ்டிக்கான எஃப்ஆர்பியோ. அழகு பத்தலன்னு சொல்றவங்க இருக்காங்க, ஹாலுக்கும் பூஜை ரூமுக்கும் அந்தக் காசுல நல்ல தேக்கு போட்டுக்கலாமே.

ஸ்கர்ட்டிங்கும் தரை விஷயம் தான், நாம ஊத்துறது தெறிக்கிறதுன்னு சொன்ன நாலாவது வழியும் இங்க தான் வருது. வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு வெள்ளை கலர்ல அஞ்சு இஞ்சு உயர எம்டிஎஃப் ஸ்கர்ட்டிங் அடிக்கிறது இப்பம் ஒரு மோகமா இருக்கு. அந்த நாட்டுல தரைய வாக்குவம் வச்சு இழுப்பாங்க, நம்ம வீட்டுல தினசரி மாப்பு போடுவோம், நல்ல நாள் பெருநாளுன்னா பக்கெட்டோட ஊத்தி கழுவி விடுவோம். எம்டிஎஃப்ங்கிறது மரநார அரைச்சு பசை போட்டு அமுக்கினது, அமுக்கினது தண்ணி பட்டா பழைய கனத்துக்கு திரும்பப் பாக்கும், ஒருதரம் வீங்கினா காய்ஞ்சாலும் அமுங்காது. ஹெச்டிஹெச்எம்ஆர்னு பச்சை கலர்ல வர்றது அதவிட எவ்வளவோ தேவல, அடர்த்தி கூடுதல், பசையும் வேற, ஆனா பேருலயே ஈரத்த எதிர்க்கும்னு தான் இருக்கே தவிர தண்ணியில கிடக்கும்னு இல்ல. சமையல்கட்டு ஷட்டருக்கு போடுங்க, தரையத் தொடுற எடத்துக்கு வேணாம். தரையோட சேந்த நாலு இஞ்சுக்கு டைல்ஸோ கிரானைட்டோ தான் சரி, அதுல ஒரு வாதமும் எனக்கு கேக்க வேணாம். மரத்தோட பார்வை வேணும்னு அடம்பிடிச்சா கல் ஸ்கர்ட்டிங்குக்கு மேல ஒரு ஒல்லி தேக்குப் பட்டி ஓட்டுங்க, பாக்கவும் நல்லாருக்கும், மாப்புக்கும் எட்டாது.

அடுத்தது சுவரு. புது பூச்சு சுவருங்கிறது தண்ணி டேங்க் மாதிரின்னு யாரும் நினைக்கது இல்ல, வெளிய வெள்ளையா காய்ஞ்சு தெரியும், உள்ள செங்கல்லு முழுக்க நனைச்ச தண்ணியும் கலவைத் தண்ணியும் பூச்சு இறுகுறதுக்கு ஊத்தின தண்ணியும் இருக்கும். ஒரு இஞ்சு கனத்துக்கு ஒரு மாசம் காயணும்னு கான்கிரீட்டுக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்லுவாங்க, நம்ம மழைக்காலத்துல அதுவும் போதாது. ஆனா இங்க நடக்கிறது என்ன? வளைகுடாவுல வேலை பாக்கிறவருக்கு நாப்பத்தஞ்சு நாள் லீவு, வந்து எறங்கும்போதே பால்காய்ப்புக்கு தேதி குறிச்சாச்சு, கார்டு அடிச்சாச்சு, பூச்சு முடிஞ்ச ரெண்டாவது வாரத்துல பேனல் ஒட்டணும்னா ஒட்டித் தான் ஆகணும். ஆசாரி "ஒரு மாசம் போட்டும் அண்ணே"ன்னு சொன்னா ஆசாரிய மாத்துவாவ. அந்தச் சுவத்துல உள்ள தண்ணி எங்க போவும்? பேனலுக்குப் பின்னாடி தான் வரும், பேனல் பிவிசின்னா அது நல்லா மூடி வைக்கும், பின்னாடி பூஞ்சை வளக்கும், ப்ளைன்னா அது குடிக்கும்.

சுவரு காய்ஞ்சிருச்சான்னு பாக்க செலவே கிடையாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பாலிதீன் ஷீட்ட சுவத்துல ஒட்டி நாலு ஓரமும் டேப் போட்டு காத்து போகாம மூடிட்டு மறுநாள் பாருங்க, உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தாலோ ஷீட்டுக்குப் பின்னாடி பூச்சு கருத்து தெரிஞ்சாலோ சுவரு இன்னும் ரெடி இல்ல. வெயில் படுற சுவத்துல ஒட்டி பாத்துட்டு எல்லாம் காய்ஞ்சிருச்சுன்னு முடிவு கட்டாதீங்க, வடக்குப் பக்கம், பாத்ரூமுக்கு அடுத்த சுவரு, படிக்கட்டுக்கு அடியில, இந்த மூணு எடத்துலயும் தரையில இருந்து ஒரு அடி உயரத்துல ஒட்டிப் பாருங்க.

வருசக்கணக்காகியும் சில சுவரு காயாம இருக்கும். அடியில ஈரத்தடுப்பு சரியா போடாம விட்டா மண்ணுல இருந்து தண்ணி ஏறிட்டே இருக்கும், அதுக்கு மேல எத போட்டு மறைச்சாலும் அது அங்கேயே தான் இருக்கும், முதல்ல சுவத்துக்கு வைத்தியம் பாத்துட்டு வாங்க. கடலோரத்துல இன்னொரு சங்கதி உப்பு. கலவையில உப்பு மணல் கலந்திருந்தாலோ உப்புக்காத்து வருசக்கணக்கா அடிச்சு ஏறியிருந்தாலோ, காத்தோட ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டினதும் உப்பு தானாவே காத்துல இருந்து தண்ணிய இழுத்துக்கும். குளச்சல் பக்கம் பல பழைய வீட்டுல மழையே இல்லாத நாள்லயும் சுவரு ஈரமா நிக்கதுக்கு இது ஒரு காரணம். அந்த மாதிரி சுவத்துல பட்டிய நேரா ஒட்டாம, பின்னாடி அரை இஞ்சு இடைவெளி வர்ற மாதிரி ரீப்பர், அதாவது ஒல்லிச் சட்டம், அடிச்சு, கீழயும் மேலயும் காத்து போக வழி விட்டு மாட்டணும். ரீப்பர் துண்டும் அதே சுவத்துல தான் ஒட்டுது, அதுக்கு மட்டும் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) போட்டா நல்லது, யாரும் பாக்கப் போறதில்ல.

மூணாவது காத்து. இதுல ஏசி வந்த பொறவு கணக்கு மாறிப்போச்சு. நம்ம ஊருல 28 டிகிரி சூடும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காத்து 24 டிகிரி பக்கத்துல உள்ள எந்தப் பரப்பத் தொட்டாலும் வேர்க்கும். பெட்ரூம் ஏசிய 20ல வச்சு ராத்திரி முழுக்க ஓட்டினா அந்த ரூமோட கதவு, நிலை, பட்டி, சுவரு எல்லாம் ஜில்லுன்னு ஆயிரும், அதுக்கு அந்தப்பக்கம் ஹால்ல இருக்க ஈரக்காத்து அந்த சுவத்துல வந்து ஒட்டும். காலையில ஏசிய நிறுத்தி ஜன்னல திறந்தா உள்பக்கமும் அதே கதை தான். ஹால் பக்கம் அந்தச் சுவத்துல தான் பெரும்பாலும் டிவி பேனல் ஒட்டியிருப்போம், கழட்டிப் பாத்தா பின்னாடி கருப்புப் புள்ளி. ஒழுகுதுன்னு நெனச்சு மேல் தளத்த உடைச்சவங்க கூட உண்டு. ஏசி 25, 26ல ஓடினா இந்தத் தொல்லை பாதி கொறையும், கரண்ட் பில்லும் கொறையும்.

இன்னொண்ணு பூட்டின வீடு. இந்த மாவட்டத்துல புது வீடு கட்டி பால்காய்ப்பு முடிச்சு ரெண்டு வருசத்துக்கு பூட்டிட்டு போறது சாதாரணம். மனுசன் இல்லாத வீட்டுல காத்து அசையாது, மழைக்காலம் முழுக்க உள்ள ஈரம் ஏறி அப்படியே நிக்கும், அலமாரிக்குப் பின்னாடி, ஜன்னல் திரைக்கு மேல உள்ள பெல்மெட்டுக்குள்ள, கட்டிலுக்கு அடியில எல்லாம் பூக்கும். பூட்டிட்டுப் போறவங்க வீட்டுக்கு எவ்வளவு விலை உயர்ந்த தடிய விடவும் பிரயோசனம் ஜன்னலுக்கு மேல நிரந்தரமா திறந்திருக்கிற வலை போட்ட வெண்டிலேட்டர். பழைய வீட்டுல எல்லாம் அது இருந்துது, ஏசிக்காக அடைச்சுட்டோம்.

தக்கலைக்குப் பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனைய எல்லாரும் பாத்திருப்பீங்க. 1795 வரைக்கும் திருவிதாங்கூரோட தலைநகரம் அது, வாசல் பூமுகத்துல மேல் தட்டியில செதுக்கி வச்ச பூவுங்க இன்னைக்கும் எடுப்பா நிக்குது. அந்தக்காலத்து தடி அந்தக்காலத்து தடி தான்னு பெருமூச்சு விட்டுட்டு வருவோம். தடி நல்லது தான், மறுக்கல. ஆனா கொஞ்சம் நின்னு மேல பாருங்க, ஓட்டுக்கூரை சுவருக்கு வெளிய எவ்வளவு தூரம் நீட்டி எறங்குதுன்னு பாருங்க, சாய்வா அடிச்ச மரச்சட்டம் வழியா காத்து எப்பவும் உள்ள வந்து போறத பாருங்க, தூணு எல்லாம் கல்லு மேல உக்காந்திருக்கிறத பாருங்க. மழை நேரா தடியில விழாது, விழுந்தாலும் காய்ஞ்சிரும். நாம ஜன்னலுக்கு மேல ஒன்றரை அடி சன்ஷேடு வச்சுட்டு அதே தடி அதே மாதிரி நிக்கணும்னு எதிர்பாக்கோம். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகி புயல் அடிச்சப்போ மழை படுக்கவசத்துல வந்துச்சு, மூடின ஜன்னல் இடுக்கு வழியாவே பல வீட்டுக்குள்ள தண்ணி வந்தது நியாபகம் இருக்கும். ஜன்னல் நிலையோட கீழ் சட்டம் வெளிப்பக்கம் சாய்வா இருக்கணும், அதுக்கு அடியில தண்ணி சொட்ட ஒரு காடி, அதாவது ஒரு பள்ளக்கோடு, இழுத்திருக்கணும். இந்த காடி இழுக்க பத்து நிமிச வேலை, இப்பம் கேட்டு வாங்குனா தான் செய்வாங்க.

சரி, தடிக்கு வருவோம். தேக்குன்னா போதும் வேற கேள்வி வேணாம்ங்கிறது தான் இங்க உள்ள நம்பிக்கை. தேக்கோட வைரத்துல, அதாவது நடுவுல உள்ள கெட்டிப் பாகத்துல, உள்ள எண்ணெய்ச் சத்து தான் செதலயும் பூஞ்சையயும் விரட்டுது, அந்த சத்து சுத்தி உள்ள வெள்ளைப் பாகத்துல கிடையாது. இளம் தோட்டத் தேக்குல வெள்ளை நிறைய இருக்கும், செங்கோட்டை மில்லுல வாங்கினாலும் சரி, தூத்துக்குடி வழியா கப்பல்ல வந்த ஆப்பிரிக்கத் தேக்கா இருந்தாலும் சரி, ஊருப் பேரு கேக்காம பலகைய திருப்பி வெள்ளை எவ்வளவு இருக்குன்னு பாருங்க. கெட்டிக்காரங்க அந்த வெள்ளைக்கு சாயம் பூசி செவப்பாக்கிருவாவ, முனையில லேசா சீவச் சொன்னா தெரிஞ்சிரும். முழு வைரம் வாங்க காசு இல்லன்னா அயனி வாங்குங்கன்னு தான் நான் சொல்லுவேன். நம்ம தோட்டத்துலயே நிக்கிற மரம், கடற்கரையில வள்ளம் செய்ய இந்தத் தடிய தான் தேடுவாவ, தண்ணிய தாங்கும்ங்கிறதுக்கு அதவிட என்ன சாட்சி. நிலைக்கும் ஜன்னலுக்கும் அம்சமா இருக்கும். பிலாத்தடியும் (பலா மரம்) அப்படித்தான், மஞ்சளா இருந்து வருசம் போகப்போக செவந்து வரும், உள் பட்டிக்கும் பூஜை ரூமுக்கும் அழகு. ரெண்டும் நல்ல வைரம் உள்ளதா, ஆறின தடியா இருக்கணும், நேத்து வெட்டி இன்னைக்கு அறுத்து நாளைக்கு மாட்டக் கூடாது.

ரப்பர் தடி பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நம்ம மாவட்டத்துல அதுக்கு பஞ்சமே இல்ல, பால் வத்துன மரத்த வெட்டி விக்கிறது குலசேகரம் பக்கம் எப்பவும் நடக்குது. பாக்க வெளுப்பா நல்லாருக்கும், இழைக்க சுலபம், சின்னத் துண்டுங்கள கோத்து ஒட்டுன ஃபிங்கர் ஜாயிண்ட் போர்டா பேனலா வருது. ஆனா அந்தத் தடியில மாவுச்சத்து ஜாஸ்தி, வெட்டுன சில நாளுக்குள்ள மருந்து ஏத்தலன்னா நீலம் பாய்ஞ்சிரும், பூச்சி துளைச்சிரும். மருந்துங்கிறது பெரும்பாலும் போரான் உப்பு, அழுத்தம் கொடுத்து உள்ள ஏத்துவாங்க. அது தண்ணியில கரைஞ்சு போற மருந்து. அதனால மருந்து ஏத்தின ரப்பர் தடி பெட்ரூம் அலமாரிக்கு, மாடிப்படி கைப்பிடிக்கு ஓகே, நனையற எடத்துக்கு ஆகாது. பக்கத்து தோட்டத்துல சும்மா கிடைச்சுதுன்னு மருந்து ஏத்தாத ரப்பர் தடில பட்டி அடிச்சா கொஞ்ச நாள்லயே கீழ மாவு கொட்டும்.

ப்ளைவுட்டுல எம்ஆர்னு ஒண்ணு, அதாவது ஈரத்த எதிர்க்கிறது, பிடபிள்யூபின்னு ஒண்ணு, அதாவது கொதிக்கிற தண்ணியயும் தாங்குறது. எம்ஆர்ங்கிறது ஐஎஸ் 303ல வர்ற சாதா கமர்ஷியல் ப்ளை, பிடபிள்யூபிய தான் மரைன்னு சொல்லுவாங்க, ஐஎஸ் 710 முத்திரை இருந்தா தான் அது மரைன். மரைன் ப்ளைய கொதிக்கிற தண்ணியில 72 மணி நேரம் போட்டு சோதிக்கணும்ங்கிறது தரத்துல உள்ள விதி. கடையில இத சொல்லி தான் விப்பாங்க. ஆனா அந்தச் சோதனை பசைக்கு, அடுக்கு பிரியுதான்னு பாக்கது. உள்ள உள்ள மரத்தாள் தண்ணி குடிக்காதுன்னு அர்த்தம் கிடையாது, ஓரத்த மூடலன்னா மரைன் ப்ளையும் குடிக்கும், கருக்கும். அறுத்த ஓரம் எல்லாத்துக்கும் சீலர் அடிச்சு எட்ஜ் பேண்ட் போட்டா தான் அந்த விலைக்கு அர்த்தம், சிங்குக்கு அடியில குழாய் போற ஓட்டையோட உள் வட்டத்துக்கும் சேத்து. அங்க தான் முதல்ல கெடும், அங்க தான் யாரும் அடிக்கிறதில்ல.

டபிள்யூபிசியும் பிவிசியும் இப்பம் எல்லா கடையிலயும் முன்வரிசையில நிக்குது. தண்ணி குடிக்காது, செதல் தின்னாது, அது ரெண்டும் உண்மை. குறையும் உண்டு. தடி நீளவாக்குல அசையாதுன்னு சொன்னேன்ல, இது நீளவாக்குல தான் அசையும், ஈரத்துக்கு இல்ல சூட்டுக்கு. 3 மீட்டர் பிவிசி பட்டி 20 டிகிரி சூடு கூடினா 3, 4 மில்லி நீளும், மேக்குப் பாத்த ஜன்னல் பக்கத்துல மூலைக்கு மூலை இறுக்கி அடிச்சா மத்தியானம் நடுவுல வளைஞ்சு நிக்கும். ரெண்டு முனையிலயும் இடம் விட்டு, மூலையில மேல ஒரு மூடி பட்டி போட்டு மறைக்கணும். ஸ்க்ரூ பிடிப்பும் தடி அளவுக்கு வராது, கனமான கதவ இதோட நிலையில தொங்க விடணும்னா நல்ல அடர்த்தி உள்ளதா, நீளமான ஸ்க்ரூவா போடணும், இல்லன்னா கீல் மெல்ல ஆடி வந்திரும். அடர்த்திய எப்படி பாக்க? எடை தான். 18 மில்லி கனத்துல 8 அடிக்கு 4 அடி ஷீட்டு, தண்ணிய ஒண்ணுன்னு வச்சா 0.6 அடர்த்தின்னா, 32 கிலோ பக்கம் வரணும், ஒருத்தர் ஒத்தக் கையில அலட்சியமா தூக்கிட்டு வந்து காட்டினா அது வேற சரக்கு. பேருல மரம்னு இருந்தாலும் பலதுல மரத்தூள விட சுண்ணாம்புப் பொடி தான் கூட இருக்கும், அதுல தப்பு இல்ல, ஆனா தேக்கு ரேட்டு சொன்னா யோசிங்க.

மேல சீலிங்குக்கு ஜிப்சம், பிஓபி கார்னிஸ் பத்தி ஒண்ணே ஒண்ணு. ஜிப்சம் தண்ணியில கரையும், லிட்டருக்கு 2 கிராம் அளவுக்கு. கொஞ்சம் தான், ஆனா மொட்டைமாடி ஒழுக்கு தினசரி சொட்டினா அது போதும். மாடி ஈரத்தடுப்பு முடிஞ்சு ஒரு முழு மழைக்காலம் பாத்துட்டு தான் சீலிங் போடணும், பாத்ரூமுக்கும் போர்ட்டிகோவுக்கும் ஃபைபர் சிமெண்டோ பிவிசியோ போதும்.

எந்தத் தடி எடுத்தாலும் மாட்டுறதுக்கு முந்தி ஆறு பக்கமும் பிரைமர் அடிக்கச் சொல்லுங்க, அதுவும் சுவத்துப் பக்கம் போற பின்முகத்துக்கு கட்டாயம். முன்னாடி மட்டும் அடிச்சா ஒரு பக்கம் ஈரம் ஏறும் ஒரு பக்கம் ஏறாது, பலகை வில்லு மாதிரி வளையாம என்ன செய்யும். பெயிண்டர் "யாரு பாக்கப் போறா"ன்னு சொல்லுவாரு, அரை லிட்டருக்கு பாக்காதீங்க. எங்க பக்கத்து வயசானவங்க நிலையோட பின்முகத்துக்கு அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஃபேக்டரி) இருந்து அண்டித்தோட்டு எண்ணெய் வாங்கி அடிப்பாவ. கருப்பா பிசுபிசுன்னு இருக்கும், செதல் கிட்ட வராது, கையில பட்டா தோல் வெந்து கொப்பளிச்சிரும், அதனால கையுறை போட்டு அடிக்கணும். மேல பெயிண்ட் பிடிக்காது, கண்ணுக்குத் தெரியாத முகத்துக்கு மட்டும் தான் லாயக்கு. இன்னைக்கும் நல்ல மருந்து தான்.

கடைசியா ஆணியும் ஸ்க்ரூவும். ஈரத் தேக்குல சாதா இரும்பு ஆணி போட்டா ஆணிய சுத்தி கருப்பா மை வடிஞ்ச மாதிரி கறை ஏறும், பாலிஷ் போட்டாலும் போகாது. நாகர்கோவில், தக்கலை பக்கம்னா 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ தாராளமா போதும். கடல் சத்தம் கேக்குற தூரத்துல வீடுன்னா 316 கேளுங்க, அதுல மாலிப்டினம் சேத்திருக்கும், உப்புக்கு தாக்குப்பிடிக்கும், விலை கூட தான். காந்தம் வச்சு காட்டி "பாருங்க ஒட்டல, இது 316 தான்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 304லயும் காந்தம் ஒட்டாது. கிரேடு எழுதின பாக்கெட்டோட வாங்குங்க, பில்லுலயும் எழுதி வாங்குங்க.